காற்று விட்ட வழியில் அன்ஸ்ட்: வைக்கிங்குகள் வாழ்ந்த வடகோடித் தீவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்தின் வடக்கு நுனியில் இருக்கிறது அன்ஸ்ட். பிரிட்டனில் மனிதர்கள் வசிக்கும் தீவுகளில் இதற்கு வடக்கே வேறு எதுவும் கிடையாது. நீளம் சுமார் 19 கி.மீ., அகலம் 8 கி.மீ., 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 632 பேர். எடின்பரோவைவிட நார்வேயின் பெர்கன் நகரம்தான் இதற்குக் கிட்டே. இந்தச் சின்னத் தீவில் குறைந்தது 60 இடங்களில் வைக்கிங் கால நீள்வீடுகளின் (மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நீண்ட வீடுகளின்) தடங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. கிராமப்புற நீள்வீடுகள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைத்த இடம் ஸ்காண்டிநேவியாவிலேயே இல்லை என்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நிமிர்ந்து நிற்கும் கோட்டையோ தூணோ எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். அந்த அறுபதில் பெரும்பாலானவை புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத கல்வரிசைகள். எந்தச் சரிவில் கட்டினார்கள், எந்தப் பக்கம் கடல், காற்று எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் வீடு புரியும். அதற்கு நேரம் வேண்டும். ஷெட்லாண்டின் முக்கிய ஊரான லெர்விக்கிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒருநாள் பயணம் சாத்தியம்தான், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று.

எந்த மாதம்

மே நடுவிலிருந்து ஜூலை முடிய. பஃபின் பறவைகள் ஏப்ரல் கடைசியில் வந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் கடலுக்குத் திரும்பிவிடும், அதனால் பறவைகளும் வேண்டுமென்றால் ஜூலையைத் தாண்டாதீர்கள். கோடை என்றதும் வெயிலை நினைக்க வேண்டாம், பகலில் 12லிருந்து 14 டிகிரி இருந்தால் அங்கே நல்ல நாள்.

ஜூன் கடைசியில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 19 மணி நேரம். சூரியன் மறைந்த பிறகும் வானம் முழுசாக இருட்டாது. அந்த மங்கல் வெளிச்சத்துக்கு ஷெட்லாண்டுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சிம்மர் டிம். இடிபாடு பார்க்கப் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். உச்சிப் பகலில் தட்டையாகத் தெரியும் புல்வெளி, இரவு ஒன்பது மணிக்குச் சாய்வாக விழும் வெளிச்சத்தில் வேறு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து, புதைந்த சுவர்களின் கோடு தானாக எழுந்து வரும். நான் மதியம் பார்த்து ஒன்றும் பிடிபடாமல் வந்த ஓர் இடத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி போனேன், வீட்டின் இரு பக்கச் சுவர்களும் படகின் விலாப்போல வளைந்து ஓடுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆகவே மதியத்தில் அருங்காட்சியகம், மாலைக்கு மேல் இடிபாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் போக ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தெரிகிறது, அப் ஹெல்லி ஆ என்ற தீப்பந்தத் திருவிழா. லெர்விக்கில் ஜனவரியின் கடைசிச் செவ்வாய்க்கிழமை நடக்கும், அன்ஸ்ட்டில் யூயாசவுண்ட், நார்விக் ஊர்கள் பிப்ரவரியில் தங்களுக்கென்று நடத்துகின்றன. ஊர்வலம் முடிந்ததும் செய்து வைத்த வைக்கிங் படகைக் கொளுத்துவார்கள். ஆனால் அப்போது பகல் மிகக் குறைவு, படகுகள் நிற்கும் நாட்களும் அதிகம்.

போய்ச் சேர்வது

ஷெட்லாண்ட் ஸ்காட்லாந்தில் இருக்கிறது, அதனால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிரிட்டனின் பார்வையாளர் விசா போதும், தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஷெங்கன் விசா இங்கே செல்லாது. நார்வேயோடு சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு விசாவும் எடுக்க வேண்டியிருக்கும்.

அபர்தீனிலிருந்து லெர்விக்குக்கு இரவுக் கப்பல் உண்டு. நேரே போகும் நாளில் மாலை 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை ஏழரைக்குச் சேரும், இடையில் ஆர்க்னியின் கிர்க்வாலில் நிற்கும் நாட்களில் 5 மணிக்கே கிளம்பிவிடும். கப்பல்களின் பெயரைக் கவனியுங்கள்: யால்ட்லாண்ட், ஹ்ரோஸ்ஸி. முதலாவது வைக்கிங்குகளின் மொழியான பழைய நார்ஸில் ஷெட்லாண்டின் பெயர், இரண்டாவது ஆர்க்னியின் பெரிய தீவினுடையது, குதிரைத்தீவு என்று பொருள். விமானத்தில் போனால் அபர்தீன், எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற ஊர்களிலிருந்து ஷெட்லாண்டின் சம்பர் விமான நிலையத்துக்கு. விமானம் விரைவு, ஆனால் பனிமூட்டம் வந்தால் சம்பர் நிலையம் அப்படியே நின்றுவிடும். நான் கப்பலைத்தான் சொல்வேன். கடல் எவ்வளவு பெரியது என்று ஓர் இரவு முழுக்க உடம்பில் உணர்ந்துவிட்டு இறங்கினால், துடுப்பும் பாயுமாக வந்தவர்களைப் பற்றிய நினைப்பே மாறிவிடுகிறது. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

லெர்விக்கில் இறங்கியதும் நேரே வடக்கே ஓடாமல், ஹேஸ் டாக் துறைமுகத்தை ஒட்டியுள்ள ஷெட்லாண்ட் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் செலவிடுங்கள். பின்னால் புல்வெளியில் வெறும் கல்லைப் பார்க்கும்போது, அந்த வீட்டுக்குள் என்னென்ன இருந்திருக்கும் என்று மனம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

அங்கிருந்து கார். பேருந்து இருக்கிறது, ஆனால் நாளுக்குச் சில தடவைதான், தீவுக்குள் சிதறிக் கிடக்கும் இடங்களுக்கு அதை நம்பிப் போக முடியாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து பிரிட்டனில் 12 மாதம் வரை கார் ஓட்டலாம், சாலையும் நமக்குப் பழகிய இடது பக்கம்தான். வாடகைக்கு எடுக்கும்போது வயது, உரிமம் எடுத்து எத்தனை ஆண்டு ஆனது போன்ற நிபந்தனைகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதை இப்படி: லெர்விக்கிலிருந்து டாஃப்ட் வரை முக்கால் மணி நேர ஓட்டம், டாஃப்ட்டிலிருந்து யெல் தீவின் அல்ஸ்டாவுக்குப் படகில் 20 நிமிடம், யெல்லைக் குறுக்கே கடந்து கட்சர் போக அரை மணி, கட்சரிலிருந்து அன்ஸ்ட்டின் பெல்மாண்டுக்கு 10 நிமிடப் படகு. கார் படகிலேயே ஏறிக்கொள்ளும். இரண்டு படகுக்கும் இடம் முன்பதிவு செய்யுங்கள், கோடையில் பதிவில்லாமல் போனால் வரிசையில் கிடக்க வேண்டும். தீவுச் சாலைகள் பல ஒற்றைத்தடம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். யாருக்கு ஒதுங்குமிடம் பக்கமோ அவர் நிற்க வேண்டும், கடந்து போகும்போது கையை உயர்த்தி நன்றி சொல்வது வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

தங்கலும் சாப்பாடும்

யூயாசவுண்டில் கடலோரமாக கார்டிஸ்ஃபால்ட் என்ற விடுதி இருக்கிறது, சமையலறையோடு, கோடை மாதங்களுக்கு மட்டும். மற்றபடி தனி வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். எதுவானாலும் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள், அறைகளே மொத்தம் குறைவு. பால்டாசவுண்டில் கடை உண்டு, அதற்கும் ஹெரால்ட்ஸ்விக்குக்கும் நடுவே பெட்ரோலும் கடையும் சேர்ந்த இடம் ஒன்று. சைவம் சாப்பிடுகிறவர்கள் லெர்விக் சூப்பர்மார்க்கெட்டிலேயே அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிக்கொண்டு சமையலறை உள்ள இடமாகப் பார்த்துத் தங்குவதே நிம்மதி.

காற்றைப் பற்றி

இதை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். தீவின் வடக்கே சாக்ஸா வோர்ட் என்று 285 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று, மேலே விமானப்படையின் ரேடார் நிலையம். 1992 புத்தாண்டுப் புயலில் அங்கே மணிக்கு 197 மைல், அதாவது சுமார் 317 கி.மீ. வேகம் பதிவானது, அதன் பிறகு அளக்கும் கருவியையே காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அது அதிகாரபூர்வக் கணக்கில் சேரவில்லை, ஆனாலும் இந்தத் தீவின் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு அது போதும். இதே புயலில் தீவின் வடக்கு முனையான ஹெர்மனெஸ்ஸில் ஒரு குடிலில் தங்கியிருந்த இரண்டு பேர் உயிரிழந்தார்கள்.

கோடையில் அவ்வளவு இருக்காது. ஆனால் சாதாரண நாளிலேயே குடை ஒரு நிமிடம் தாங்காது, எடுத்துப் போகவே வேண்டாம். காற்றுப் புகாத, தொப்பி தைத்த மேலங்கி, மழைக்கால்சட்டை, கணுக்காலைத் தாங்கும் நீர்புகாக் காலணி, கையுறை, இவ்வளவும் ஜூன் மாதத்திலும் வேண்டும். அப்புறம், காரை எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள். பின்னாலிருந்து அடிக்கும்போது கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கி எதிர்ப்பக்கமாக மடக்கிவிடும், வாடகைக் காரில் அந்தச் செலவு உங்கள் தலையில்.

காற்று ஏறினால் படகும் நிற்கும். நான் போனபோது யெல்லுக்குப் படகு ஒரு முழு நாள் ஓடவில்லை, கூடுதலாக ஓர் இரவு தங்க நேர்ந்தது. கையில் ஒரு நாள் மிச்சம் வைத்திருந்ததால் தப்பித்தேன், நீங்களும் அப்படி ஒரு நாளை ஒதுக்கிவிட்டே திட்டம் போடுங்கள்.

முதல் மாலை: பெல்மாண்ட், லண்ட், அண்டர்ஹூல்

படகிலிருந்து இறங்கிய இடத்திலேயே தொடங்கலாம். பெல்மாண்டில் அகழ்ந்த நீள்வீட்டின் சுவர்களைச் சீராக்கி, யாரும் நடந்து போய்ப் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். நுழைவாயில், அடுப்பு, பக்கவாட்டுத் திண்ணை என்று ஒரு வீட்டின் அமைப்பை இங்கே கற்றுக்கொண்டால் மற்ற இடங்களை நீங்களே வாசித்துவிடுவீர்கள். நீள்வீடு என்றால் ஒரே கூரையின் கீழ் மனிதரும் மாடும். சரிவில் கட்டும்போது மேல்பக்கம் குடும்பம், கீழ்ப்பக்கம் தொழுவம், கழிவெல்லாம் கீழ்நோக்கி வெளியேறிவிடும். தீவின் இன்னோர் இடமான ஹமாரில் அகழ்ந்த வீடு சரிவோடு நீளவாக்கில் இறங்குவது இந்தக் கணக்கில்தான்.

அடுத்து மேற்குக் கரையில் லண்ட். போகும் வழியில் போர்டாஸ்டபிள் என்ற நடுகல், கிட்டத்தட்ட 3.8 மீட்டர் உயரம், ஷெட்லாண்டிலேயே பெரியது. வைக்கிங்குகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது அங்கே நின்றுகொண்டிருந்தது, அவர்களும் நம்மைப்போலவே அண்ணாந்து பார்த்திருப்பார்கள். கீழே கடலோரம் கூரையில்லாத புனித ஓலாஃப் தேவாலயம். ஓலாஃப் நார்வேயின் அரசர், பின்னர் புனிதரானவர், பெயரே யாருடைய ஆட்சி இது என்று சொல்லிவிடுகிறது. இங்கே செகேபாட் டெட்கன் என்ற பிரெமன் நகர வணிகரின் கல்லறைக்கல் இருக்கிறது. 1573ல் இறந்தவர். இந்த நாட்டில் 52 ஆண்டுகள் வணிகம் செய்தார் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஜெர்மன் வணிகர்கள் உப்பும் துணியும் கொண்டுவந்து காயவைத்த மீனை வாங்கிப் போன காலம் அது. பிரெமனிலிருந்து வந்து, அரை நூற்றாண்டு இந்தக் காற்றில் தொழில் செய்து, இங்கேயே புதைக்கப்பட்ட ஒரு மனிதர். அந்தக் கல்லருகில் வெகு நேரம் நின்றேன். கல் மிகவும் தேய்ந்திருக்கிறது, கையால் தடவாதீர்கள்.

அங்கிருந்து வளைகுடாவின் மறுபக்கம் அண்டர்ஹூல். மேட்டின் மேல் இரும்புக்கால வட்டக்கோபுரத்தின் எச்சம், அதன் கீழே சரிவில் நார்ஸ் வீடுகள். இந்த மாலைக்கு நான் சேர்த்து வைத்த இடம் இதுதான், இரவு எட்டரைக்கு மேல் இங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். லண்டா விக் வளைகுடா முழுதும் காலடியில் விரியும். படகை இழுத்துப் போட மணல், மாட்டுக்குப் புல், குடிக்க ஓடை, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கடல்வழி. இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைத்தால் யார்தான் அங்கே வீடு கட்ட மாட்டார்கள்?

ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை யார் நிலத்திலும் நடந்து போகும் உரிமை சட்டப்படி உண்டு. அந்த உரிமைக்கு ஈடாக நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: நீங்கள் திறந்த வேலிக்கதவை நீங்களே மூடுங்கள், குட்டியோடு இருக்கும் ஆடுகளை விட்டு விலகி நடங்கள், இடிபாட்டிலிருந்து ஒரு கூழாங்கல்கூட எடுக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: ஹெரால்ட்ஸ்விக்கும் வடக்கும்

ஹெரால்ட்ஸ்விக் என்றால் ஹெரால்டின் வளைகுடா. நார்வே அரசர் அழகுக்கூந்தல் ஹெரால்டு இங்கே இறங்கினார் என்பது ஊர்க்கதை. சாலையோரத்தில் ஸ்கிட்பிளாட்னர் என்ற முழு அளவுக் கப்பல் நிற்கிறது. நார்வேயில் 1880ல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலைப் பார்த்து ஸ்வீடனில் கட்டியது, அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பி ஷெட்லாண்டோடு நின்றுவிட்டது. நார்ஸ் புராணத்தில் ஃப்ரேய் கடவுளின் கப்பல் பெயர் இது, துணிபோல மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாமாம். உள்ளே ஏறிப் பாருங்கள். இதன் நீளத்தையும், பக்கச்சுவர் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நடுக்கடல் எவ்வளவு கிட்டே இருந்திருக்கும் என்று புரியும். பக்கத்திலேயே கல்லும் புல்தரையும் வைத்துத் திரும்பக் கட்டிய நீள்வீடு. உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். வெளியே அவ்வளவு நேரம் காதை அறைந்த காற்று சட்டென்று எங்கோ தூரத்துச் சத்தமாகிவிடும். சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்ச தூரத்தில் அன்ஸ்ட் போட் ஹேவன், மரப்படகு அருங்காட்சியகம். பெரும்பாலோர் அரை மணியில் முடித்துவிடுகிறார்கள், நான் இரண்டு மணி நேரம் சொல்வேன். ஷெட்லாண்டில் படகு கட்டும் அளவுக்கு மரமே கிடையாது, அதனால் 19ஆம் நூற்றாண்டு வரை நார்வேயில் வெட்டி இழைத்த படகுகளைப் பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். பலகைமேல் பலகை ஏற்றி ஆணியடிக்கும் அதே வைக்கிங் முறை. ஆறு துடுப்புள்ள சிக்ஸரீன் படகில் ஆறு பேர் நிலம் மறையும் ஆழ்கடல் வரை போய் மீன்பிடித்தார்கள். 1881 ஜூலை 20 இரவுப் புயலில் பக்கத்து யெல் தீவின் குளூப் பகுதியை மையமாக வைத்து நடந்த விபத்தில் 58 மீனவர்கள் இறந்தார்கள். அந்தப் படகின் பக்கத்தில் நின்று இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே வளைகுடாவின் கிழக்கே கிளிபர்ஸ்விக். மாக்கல் கிடைக்கும் இடம். நம் ஊரில் கல்சட்டி செய்கிறோமே, அதே வகைக் கல். நார்வேயில் இன்றும் அதற்கு க்ளேபர் என்றே பெயர், ஊர்ப்பெயரும் அதிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். பாறையிலேயே வட்டமாகச் செதுக்கி, அப்படியே உடைத்தெடுத்து, உள்ளே குடைந்து சட்டி செய்தார்கள். வெட்டிய தடங்கள் கடலோரப் பாறையில் உள்ளன, ஆனால் அது செங்குத்தான, வழுக்கும் இடம், உள்ளூர்க்காரர் துணையில்லாமல் இறங்க வேண்டாம். செய்த பொருட்களை ஹெரால்ட்ஸ்விக் மரபு மையத்தில் பார்க்கலாம்.

வண்டியை இன்னும் வடக்கே விடுங்கள். நார்விக் கடற்கரை, பிறகு சாலை முடியும் ஸ்கா. நார்ஸ் குடியேறிகளின் மொழி இங்கே நார்ன் என்ற பெயரில் வாழ்ந்தது. 1469ல் டென்மார்க்–நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன், மகள் மார்கரெட்டின் வரதட்சிணைக்கு ஈடாக ஷெட்லாண்டை ஸ்காட்லாந்துக்கு அடகு வைத்தார், மீட்கவே இல்லை. ஆட்சிமொழி மாறியது, தேவாலய மொழி மாறியது, வீட்டுமொழி மெல்ல மெல்லக் கரைந்தது. நார்ன் தெரிந்த கடைசி மனிதராகக் கருதப்படுபவர் இந்த ஸ்காவில் வாழ்ந்த வால்டர் சதர்லாண்ட், சுமார் 1850ல் இறந்தார். ஒரு மொழி கடைசியாக ஒலித்த கரை இது என்று தெரிந்துகொண்டு நிற்பது எனக்கு லேசாக இருக்கவில்லை.

ஆனால் பெயர்களில் அது இன்னும் இருக்கிறது, அதனால் இந்தச் சில சொற்களை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், வழிகாட்டிப் பலகைகளே பேச ஆரம்பிக்கும். விக் என்று முடிந்தால் வளைகுடா. நெஸ் என்றால் கடலுக்குள் நீட்டிய முனை. ஃபர்த், நார்வேயின் ஃபியோர்ட்தான். ஹூல் என்றால் மேடு, அண்டர்ஹூல் மேட்டின் கீழ். ஹமார் என்றால் பாறைச்சரிவு.

ஹெர்மனெஸ் நடை

காற்று எந்த நாள் குறைவோ அந்த நாளுக்கு இதை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று நாளில் எது வேண்டுமானாலும் இடம் மாறலாம், இது மட்டும் காற்றைக் கேட்டுத்தான். பர்ராஃபர்த் அருகே கார் நிறுத்துமிடம், அங்கிருந்து சதுப்பு நிலத்தின் மேல் பலகைப் பாதை. போய்வர மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

பாதையை விட்டு இறங்கவே கூடாது. போங்ஸி என்று உள்ளூரில் அழைக்கும் பெரிய ஸ்குவா பறவைகள் தரையில் கூடு கட்டுகின்றன, கிட்டே போனால் தலையை நோக்கிப் பாயும். கையையோ தடியையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி நடையைத் தொடருங்கள், அது உயரமான புள்ளியைத்தான் குறிவைக்கும். 2021, 2022 ஆண்டுகளின் பறவைக்காய்ச்சலில் ஸ்குவாக்களும் கானட்களும் ஏராளமாக இறந்தன, அதனால் எஞ்சியவற்றுக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுங்கள். இறந்த பறவையைத் தொடாதீர்கள்.

மேற்குக் குன்றை அடைந்ததும் கீழே பாறையெல்லாம் வெள்ளையாக கானட்கள், புல் விளிம்பில் பஃபின்கள், அப்பால் மக்கிள் ஃப்ளகா கலங்கரை விளக்கம். கிரிமியப் போர்க்காலத்தில் கடற்படைக்காக 1854ல் அவசரமாக ஒரு தற்காலிக விளக்கு வைத்தார்கள், நிரந்தரக் கோபுரத்தில் 1858ல் விளக்கு ஏற்றினார்கள், 1995ல்தான் தானியங்கியானது. விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள், படுத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதும் வேண்டாம், ஈரப்புல் வழுக்கும், காற்று திடீரென்று திசை மாறும்.

மிச்ச நேரத்துக்கு

தென்கிழக்கில் 1598ல் கட்டத் தொடங்கிய மியூனெஸ் கோட்டை, பிரிட்டனின் கோட்டைகளில் மிக வடக்கே உள்ளது. அருகே சாண்ட்விக் மணற்கரை, கடலரிப்பில் வெளிப்பட்ட நார்ஸ் பண்ணைவீடு அங்கே. பால்டாசவுண்டுக்கு மேலே கீன் ஆஃப் ஹமார் என்ற கல்வெளி, உலகில் அன்ஸ்ட்டில் மட்டுமே வளரும் எட்மண்ட்ஸ்டன் சிக்வீட் என்ற வெள்ளைப் பூச்செடிக்கு வீடு. 1837ல் தாமஸ் எட்மண்ட்ஸ்டன் என்ற சிறுவன் கண்டுபிடித்தது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். சோபா போட்டு அலங்கரித்த பேருந்து நிழற்குடையைச் சாலையிலேயே பார்ப்பீர்கள், ஐந்து நிமிடம் போதும்.

திரும்பும் வழி

சம்பர் வழியாக விமானத்தில் திரும்புகிறவர்கள் விமானத்துக்கு முந்தைய நாளே அன்ஸ்ட்டை விட்டு இறங்கிவிடுங்கள். நிலையத்துக்குச் சில நிமிடத் தூரத்தில் யார்ல்ஷோஃப் இருக்கிறது. அங்கே போகும் சாலை விமான ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும், விமானம் வந்தால் தடுப்பு விழும். வெண்கலக் காலத்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டு வரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய வீடுகள். நிறையப் பேர் ஷெட்லாண்டில் இறங்கியதும் முதலில் இதைத்தான் பார்க்கிறார்கள். கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெல்மாண்டையும் அண்டர்ஹூலையும் பார்த்த கண்ணோடு போனால், நார்ஸ் வீடுகள் இருக்கும் பகுதியில் எது அடுப்பு, எது தொழுவம் என்று அறிவிப்புப் பலகையைத் தேடாமலே சொல்லிவிடுவீர்கள்.